மலையை இடக்கைப் பக்கம் விட்டு ஓடியவன்

அந்த ஸ்பெயின் கால்பந்து ஆட்டக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார் என்ற செய்தி தமிழ்ப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு கிரிக்கெட் படத்துக்குக் கீழே, ஓரமாக வந்திருந்தது. படம் போடவில்லை. நடுக்கள ஆட்டக்காரர், நாட்டுக்காகப் பல வருடம் ஆடியவர், முழங்கால் காயத்தால் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்து மறுபடி வந்தவர் என்று சில வரிகள். கோல் எத்தனை என்று எழுதவில்லை. எழுதும்படி அவர் அடிக்கவும் இல்லை. டீக்கடையில் அதைப் படித்தேன். இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளுக்கு போன் போட்டேன். என்னோடு பள்ளி அணியில் கோல்கீப்பராக இருந்தவன்.

"உங்க ஆளு ரிட்டையர் ஆயிட்டானா? அப்ப கழுத்து வலி தீர்ந்துருக்கும்" என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் 2002க்குப் போக வேண்டும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. அப்பா திருவண்ணாமலை மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குபவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா பாதையோரம் சுண்டலும் மோரும் விற்பாள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை என்னைச் சேர்க்க வந்தபோதுதான் முதலில் மிதித்தார்கள். நான் பன்னிரண்டாவது பாஸ் செய்தேன். மார்க் ரொம்ப உயரமில்லை. அந்த மார்க்குக்கு வெறும் விண்ணப்பம் போட்டால் நல்ல கல்லூரி எதுவும் கிடைக்காது. வேலூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் உண்டு, கால்பந்துக்கும் உண்டு, தேர்வு ஆட்டத்தில் நன்றாக ஆடினால் மார்க்கைப் பார்க்க மாட்டார்கள் என்று பள்ளி பி.டி. வாத்தியார் சொன்னார். பள்ளி அணியில் நடுக்களத்தில் நான்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் மாதம், நானும் கோல்கீப்பரும் காலை பஸ்ஸில் வேலூர் போனோம். மைதானத்தில் நாலு மாவட்டத்துப் பையன்கள். ஆரம்பத்திலேயே கல்லூரியின் உடற்கல்விப் பேராசிரியர் விசில் ஊதி, "கிரவுண்ட ரெண்டு ரவுண்டு ஓடுங்க" என்றார். ஓடினோம். அரை ரவுண்டுகூட முடியவில்லை. எதிரே ஒரு கூட்டமே எங்களைப் பார்த்து ஓடி வந்தது. ஒருவன் என் தோளில் மோதி விழுந்தான். விசில் மறுபடி அடித்தது.

அத்தனை பேரும் மைதானத்தின் நடுவை இடக்கைப் பக்கம் விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வலக்கைப் பக்கம் விட்டு ஓடிக்கொண்டிருந்தோம்.

"எந்த ஊருடா நீங்க?" என்றார் பேராசிரியர்.

"திருவண்ணாமலை சார்."

"அதான பாத்தேன். கிரிவலம் போறானுங்க சார்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. இன்னொருவன் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

ஓடும்போது இடப்புறமாகத்தான் சுற்றவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் நேர்க்கோட்டில் ஓடுவதுதான். ரவுண்டு அடி என்றால் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல, மலையைச் சுற்றுவதுபோல, வலமாகத்தான் சுற்றினோம். பந்தைக் கல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு வா என்றாலும் வலம். கோல் போஸ்ட்டைத் தொட்டுவிட்டு வா என்றாலும் வலம். பி.டி. வாத்தியாரும் எங்கள் ஊர்க்காரர்தானே, அவர் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. யாரும் தீர்மானித்துச் செய்ததில்லை. கால் அப்படித்தான் போகும்.

சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆட்டம் தொடங்கியதும் என்னை மடக்க ஒரு வேலூர்ப் பையன் வந்தான். கணுக்காலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தான். முதல் பந்தை வாங்கித் திரும்பினேன், பிடுங்கிக்கொண்டான். இரண்டாவதையும் பிடுங்கினான். மூன்றாவது தடவை பந்து என்னிடம் வருவதற்கு முன்னாலேயே என் வலப்பக்கம் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"மச்சான், உன்னப் பாக்கவே வேணாம். நீ ரைட்லதான் திரும்புவ. இங்க வந்து நின்னாப் போதும், பந்து தானா வருது."

அவன் சொன்னது உண்மை என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. இடப்பக்கம் திரும்ப முயன்றேன். பந்து காலுக்கடியில் மாட்டி, நான் விழுந்தேன். பாதி ஆட்டத்தில் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். கோல்கீப்பரையும் எடுக்கவில்லை. ஆனால் அவனை உயரம் பத்தாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என் விஷயம் அப்படியில்லை.

வீட்டில் அப்பா வேறொரு வழி வைத்திருந்தார். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று மண்டிக்காரர் கேட்டிருந்தார். படித்த பையன், நம்ம ஆளு மகன், வரச் சொல் என்று.

"மூட்ட தூக்கப் போவல. நாற்காலியில ஒக்காந்து எழுதப் போற. அதுக்கே நம்ம வீட்ல இதுவரைக்கும் ஆளு கெடையாது" என்றார் அப்பா.

"இன்னொரு வருஷம் குடுப்பா. அடுத்த வருஷமும் சீட் இல்லன்னா மண்டிக்கே போறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த ஆனி வரைக்கும். அதுவரைக்கும் காலையில பத்து மணிக்கு மேல மண்டிக்கு வந்து ஒத்தாச பண்ணு. அதுக்கு முன்னாடி நீ ஓடு, தாவு, இன்னா வேணா பண்ணு."

அந்த வாரத்தில்தான் அந்த ஸ்பெயின்காரரைப் பார்த்தேன். உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. கிழக்கே எங்கோ ஆடியதால் நம் ஊர் நேரத்துக்கு மத்தியானத்திலேயே ஆட்டம். தேரடி வீதியில் ஒரு டி.வி. கடைக்காரர் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய டி.வி.யை ஓடவிட்டிருப்பார். மண்டியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஓடுவேன். கோல்கீப்பர் அப்போது பக்கத்து லாட்ஜில் அறை காட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தான், அவனும் வந்துவிடுவான். வெயிலில் நின்று பார்ப்போம்.

ஸ்பெயின் ஆடிய ஒரு ஆட்டம். எல்லாரும் கோல் அடிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நடுவில் நின்றவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வேகமே இல்லை. உடம்பும் சாதாரணம். ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை. பஸ் டிரைவர் இரண்டு கண்ணாடியையும் பார்ப்பதுபோல. பந்து வரும். ஆள் எந்தப் பக்கம் நிற்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அவ்வளவுதான். மடக்க வந்தவன் வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு போவான்.

"இன்னாடா உங்க ஆளு, கழுத்து சுளுக்குப் புடிச்சவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குறான்?" என்றான் கோல்கீப்பர்.

"அவன் ரெண்டு பக்கமும் திரும்புறான்டா."

"பின்ன? மனுசன்னா ரெண்டு பக்கமும்தான் திரும்புவான்."

"நான் திரும்பலயே."

அவன் என்னைப் பார்த்தான். கேலி செய்யவில்லை. "சரி, அப்ப திரும்பு" என்றான்.

கடைக்காரர் கிரிக்கெட்டுக்குச் சேனல் மாற்றினார். நாங்கள் கெஞ்சினோம். "வாங்குற மூஞ்சியா இது? போங்கடா" என்று விரட்டினார். ஆனாலும் மறுநாளும் ஆட்டத்தைப் போட்டார்.

எப்படித் திரும்பக் கற்றுக்கொள்வது என்று சொல்லித்தர யாருமில்லை. நானாக ஒரு வழி யோசித்தேன். விடியற்காலையில் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே கிரிவலப் பாதையைச் சுற்றுவது. ஆனால் தலைகீழாக. மலையை இடக்கைப் பக்கம் விட்டு, எல்லாரும் போவதற்கு எதிராக.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. வலம் போகும்போது நமக்கு முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும். எதிராகப் போனால் முகம் தெரியும். தினமும் வலம் வருகிற சாமியார்கள், வெளிநாட்டுக்காரர்கள், பாத்திரத்தோடு பால்காரர்கள். யார் எந்தப் பக்கம் விலகப்போகிறார்கள் என்பது கண்ணிலேயே முன்கூட்டித் தெரிந்துவிடும். என் இடப்பக்கம், மலையை ஒட்டி, மண் தரை. ஆள் எதிரே வந்தால் அந்தப் பக்கம் பந்தோடு திரும்பித்தான் தப்பவேண்டும். அந்த நாட்களில் பந்து எத்தனையோ தடவை முள்ளுக்குள் போனது. ஒரு சாமியாரின் திருவோட்டில் பட்டு அவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. வேகம் இல்லை. ஆனால் கால் மெல்ல மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

விஷயம் வீட்டுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகவில்லை. பூக்கட்டும் ஒரு அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்தாள்.

"முழு மலையையும் எடமா சுத்துறியாமே? நெசமா?"

"பயிற்சிம்மா."

"எது பயிற்சி? எழவு வூட்ல, கொள்ளி வெக்கிறப்பதான்டா அப்படி சுத்துவாங்க. பெத்தவ உசுரோட இருக்கேன். ஒங்கப்பன் மூட்ட தூக்கிக்கினு இருக்கான். யாருக்காவ நீ எடமா சுத்துற?"

நான் பந்து, கால், வேலூர்ப் பையன் என்று என்னென்னவோ சொன்னேன். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள். தட்டை நகர்த்துவாள். பேச மாட்டாள்.

நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நல்ல மகன் என்று பெயர் வந்திருக்கும். ஆனால் மண்டி நாற்காலி கண்ணுக்கு முன்னால் நின்றது. அது கெட்ட வேலை இல்லை. அப்பா தூக்கிய மூட்டைக்கு நான் கணக்கு எழுதுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அதைத் தாண்டிப் போகவேண்டும். ஓடினேன், ஆனால் ஓடும் ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகம் எதிரே வந்தது. அதற்கு எந்தப் பக்கமும் விலக முடியவில்லை.

பௌர்ணமி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டம் இறங்கிவிட்டது. அம்மா கடை போட்டிருந்தாள். மோர்ப்பானை காலியாகிக்கொண்டிருந்தது, தண்ணீர் இல்லை. அடிபம்பு பாதையோரக் கோயிலான வருண லிங்கத்துப் பக்கம், அதாவது கூட்டம் வருகிற திசையில். அம்மா குடத்தை என் முன்னால் வைத்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"தண்ணி."

நான் குடத்தைத் தூக்கவில்லை. எனக்கும் கோபம் இருந்தது. "அந்தப் பக்கம் போனா மலை எடக்கையில வருமே. பரவால்லையா?"

அம்மா கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். மோர் வாங்க நின்ற சென்னைக்காரப் பெரியவர் ஒருவர் நிலைமை புரியாமல், "ஏம்மா, தண்ணி எடுக்கப் போறதுக்கெல்லாமா பாவம் பாப்பாங்க?" என்று கேட்டார்.

"நல்லாக் கேளுங்க சாமி" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோபமும் போகவில்லை. "பேசுறான் பாருங்க பேச்சு. ஏன்டா, பத்து வருசமா டவுனுக்கு ஸ்கூலுக்குப் போயி வந்தியே, வரும்போது மலை எந்தக் கையில இருந்துச்சி? ஒங்கப்பன் தெனம் கமிட்டியில இருந்து வூட்டுக்கு எப்படி வரான்? வலம் போறவங்களுக்குத்தான் வலது எடது. வேலைக்குப் போறவனுக்கு இன்னா வலது எடது? போயி தண்ணி கொண்டா!"

குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், நில்லு." தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது போல. "உன்னுது வேலைதானா?"

"வேலைதாம்மா. சீட்டு கெடைக்கிற வேலை."

"அப்ப முழுசா சுத்தாத. சுத்தினாதான அது சுத்து? பாதி தூரம் போ. போயி, வந்த வழியே திரும்பி வா. போவும்போது எடக்கை, வரும்போது வலக்கை. கணக்கு நேராயிடும்."

எதிரே வரும் ஜனத்தின் நடுவே காலிக்குடத்தோடு போனேன், நிறைகுடத்தோடு வந்தேன். தோள்களுக்கு நடுவே இடம் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அன்று மட்டும் எத்தனை நடை நடந்திருப்பேன் என்று தெரியாது. தளும்பாமல் கொண்டுவந்தேன்.

மறுநாளிலிருந்து, வருண லிங்கத்தையும் தாண்டி அடுத்த கோயிலான நிருதி லிங்கம் வரை ஓடித் திரும்புவதுதான் பாடம். அம்மா சொன்னது மலைக்குச் செய்த சமாதானம். ஆனால் அதனால்தான் எனக்கு இரண்டு பக்கமும் பழகியது. முழுசாக இடமாகவே ஓடியிருந்தால், வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறவனாக ஆகியிருப்பேன் என்று பிற்பாடு தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்கீப்பர் லாட்ஜிலிருந்து வருவான். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்து வரும் நேரத்தில் ஏதாவது ஒரு பக்கம் நகர்வான். நான் தோளுக்கு மேல் பார்த்து, அவன் இல்லாத பக்கம் திரும்பவேண்டும். பார்க்க மறந்தால் காலை வாருவான்.

"உங்க ஆளு பாப்பான், நீ பாக்க மாட்டியா?"

அந்த வருடம் முழுக்க ஸ்பெயின்காரரைப் பற்றி எங்காவது ஒரு வரி வந்தால் படிப்பேன். நடுவில் அவர் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டதாக வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "அவுரு யாரு, நம்ம சொந்தமா?" என்றார் அப்பா. பிறகு அவராகவே, "கால் சரியாவும்டா. மூட்ட தூக்குறவங்களுக்கும் ஆவுது" என்றார்.

அடுத்த ஜூனில் மறுபடி வேலூர். கோல்கீப்பர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தான், ஆடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. விசில் அடித்தது. இந்த முறை எல்லாரோடும் இடமாக ஓடினேன். வந்திருக்கும் பையன்களோடு கல்லூரி அணியே ஆடும் என்று சொன்னார்கள். கல்லூரி அணியில் நடுக்களத்தில் நின்றவனைப் பார்த்தேன். கணுக்காலில் வெள்ளைத் துணி. அவனும் என்னைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், கிரிவலம்! மறுபடியும் வந்துட்டியா?"

முதல் பந்து என்னிடம் வரும்போதே அவன் வலப்பக்கம் வந்து நின்றுவிட்டான். பார்த்தேன். இந்தத் தோள், அந்தத் தோள். இடப்பக்கம் மைதானமே திறந்து கிடந்தது. திரும்பினேன். பந்து என்னோடு திரும்பியது. ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அனுப்பினேன். அவன் அதை வானத்தைப் பார்த்து உதைத்தான். பரவாயில்லை.

இரண்டாவது தடவையும் இடம். மூன்றாவது தடவை வேலூர்க்காரன் யோசித்துவிட்டு இடப்பக்கம் வந்து நின்றான். நான் வலப்பக்கம் திரும்பினேன். அதற்குப் பிறகு அவன் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"டேய், சும்மா நில்லுடா" என்றான் மூச்சு வாங்க.

கோட்டுக்கு வெளியே கோல்கீப்பர் தன் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவர்கள் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்து எல்லாரும் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவும்போது பேராசிரியர் என்னிடம் வந்தார்.

"நீ போன வருஷம் வந்தவன்தான? எதிர்ப்பக்கமா ஓடி இடிச்சவன்?"

"ஆமா சார்."

"அப்ப ஒரு பக்கம்தான் திரும்புன. இப்ப?"

"ரெண்டு பக்கமும் சார்."

அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமை அப்பாவக் கூட்டிக்கினு ஆபீஸ்க்கு வா. சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கினு வா" என்றார்.

ஊருக்குப் பஸ் ஏறினோம். போளூர் தாண்டியதும் கோல்கீப்பர், "நான் காலை வாரினது வீண் போவல" என்றான்.

முதலில் கமிட்டிக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். முதுகில் மூட்டை இருந்தது. இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டார். பிறகு மண்டிக்காரரிடம் தானே போய், "பையன் காலேஜுக்குப் போறானுங்க, நீங்க வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். அதை அவர் சத்தமாகச் சொன்னார். சுற்றி நின்ற ஆட்களெல்லாம் கேட்கும்படி.

அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கமாடா திரும்புன?"

"மொதல்ல எடது. அப்புறம் வலது."

"வருசம் பூரா பாதிப் பாதியா ஓடுன. இன்னைக்கு முழுசா ஒரு வலம் போயிட்டு வா. மலைக்குச் சொல்லிட்டு வா." நான் கிளம்பியதும், "பந்த வெச்சிட்டுப் போ" என்றாள்.

போனேன். பௌர்ணமி இல்லாத சாதாரண சாயங்காலம். மலை வலக்கைப் பக்கம் கூடவே வந்தது. முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது, ஒரு வருடத்துக்குப் பிறகு. ஆனால் பழக்கம் போகவில்லை. நடக்க நடக்க வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு அம்மா கடைசியில் கேட்டேவிட்டாள்.

"இன்னா தம்பி, யாராச்சும் பின்னாடி வராங்களா?"

"இல்லம்மா. எடம் இருக்குதான்னு பாக்குறேன்."

"நெறைய இருக்குது. போ, போ" என்றாள்.